ஆறு மணி இருமல்

இருமலில் எத்தனை வகை உண்டு என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். வறட்டு இருமல், சளி இருமல், கக்குவான், காசம் என்று மனப்பாடம் செய்து, சோதனையில் எழுதிப் பாஸாகி, வெள்ளை உடுப்போடு என் முன்னால் வந்து இருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். இந்தக் கிழவி புதிதாக என்னத்தைச் சொல்லிவிடப் போகிறாள் என்று பின்வரிசைப் பிள்ளை ஒன்று கொட்டாவி விடுவதும் தெரிகிறது. கண் எனக்கு இன்னும் நன்றாகவே தெரியும், மகளே. உங்கள் புத்தகத்தில் இல்லாத ஓர் இருமலைப் பற்றித்தான் நான் சொல்லப் போகிறேன். அந்த இருமலால் என் வேலை போகப் பார்த்தது.

வெள்ளைக்காரர் இன்னும் மூட்டை கட்டாத காலம் அது. கொட்டாஞ்சேனையில் ஒரு தரும சபை சின்னதாக ஒரு பிரசவ விடுதி நடத்தியது. நான் வெள்ளவத்தையில் அண்ணன் வீட்டிலிருந்து ரயிலேறி வேலைக்குப் போய் வந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் ஒரு பெண் தாதி வேலைக்குப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மாலையில் நான் வாசல் படலையைத் திறந்ததும் அண்ணி உள்ளேயிருந்தே, "முதல்ல கிணத்தடிக்குப் போ!" என்று குரல் கொடுப்பா. குளித்த பிறகுதான் தேத்தண்ணி. அதே அண்ணி தனக்குப் பிள்ளைப்பேறு வந்தபோது என் கையைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தா. அது வேறு கதை.

அந்த விடுதியில் வார்ட் சிஸ்டர் என்ற கதிரையில் அதுவரை வெள்ளைக்காரப் பெண்களும் கலப்பு வம்சத்துப் பறங்கிப் பெண்களுமே இருந்தார்கள். எங்கள் சிஸ்டர் கல்யாணம் முடித்துக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட, வேறு ஆள் கிடைக்காமல் அந்த இடத்தில் என்னை வைத்தார்கள். மேட்ரன் இங்கிலாந்துக்காரி. உயரமானவ, நேர்மையானவ, பிழை என்று பட்டால் கவர்னரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடியவ. என்னைக் கூப்பிட்டு, "நீ தற்காலிகம். அந்தச் சொல்லை மறக்காதே" என்றா. தினமும் காலையில் தொப்பியில் ஊசி குத்தும்போது அந்தச் சொல்லும் சேர்ந்து குத்தும்.

இப்போது பேச்சியம்மாளிடம் வருகிறேன். வார்டில் எல்லோருக்கும் அவள் பேச்சி. கொச்சிக்கடைப் பக்கம் ஒரு லைன் அறையில் இருந்தாள். புருஷன் சுடலைமுத்து துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவர்கள், கொழும்பில் சொந்தம் என்று ஒரு குருவி கூடக் கிடையாது. முதல் பிரசவத்தில் பேச்சிக்கு இரத்தம் அதிகமாகப் போய்விட்டது. பிள்ளை, ஒரு பெண் குழந்தை, பிழைத்தது. தாயும் பிழைத்தாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். சோறு வேண்டாம், சூப் வேண்டாம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்தாலும் பார்க்க மாட்டாள். கட்டிலை விட்டு இறங்கினால் செத்துவிடுவேன் என்று எப்படியோ மனதில் பிடித்துக்கொண்டாள். பால் சுரக்கவில்லை. இப்படியே போனால் ஆள் தேறாது என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார்.

விடுதிக்கு ஆள் பார்க்க வரும் நேரம் நாலு மணி முதல் ஐந்து மணி வரை. எல்லோருக்கும் ஒரே விதி, பாரபட்சமே இல்லை. ஆனால் நாலு மணிக்கு வேலையை விட்டு வரக்கூடியவர்கள் கடை முதலாளியும் கந்தோரில் பேனா பிடிக்கும் உத்தியோகத்தரும்தான். துறைமுகத்தில் வேலை விடும்போது ஐந்தரை தாண்டிவிடும். சுடலைமுத்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர, காவலாளி கேட்டை மூடிவிட்டு, "நாளைக்கு வா" என்பான். நாளைக்கும் அதேதான் நடக்கும். எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லப்படும் விதி எதுவானாலும், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒருமுறை கேட்டுக்குப் போய்ப் பாருங்கள். நான் அங்கே போய்ப் பார்த்தபோது, இடுப்பில் நனைத்துப் பிழிந்த சாரத்தைக் கட்டிக்கொண்டு, கையில் இலையில் சுற்றிய இடியப்பப் பொட்டலத்தோடு அவன் நின்றிருந்தான்.

"சாப்பிட்டுச்சாம்மா?" என்று கேட்டான்.

ஒரு நாள் பலத்த மழை. கப்பலில் சாமான் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். சுடலைமுத்து நாலு மணிக்கே வந்துவிட்டான். கட்டிலருகே குந்தி, "ஏய் பேச்சி, இன்னிக்கு ஒரு கப்பல் முழுக்க வெங்காயம். கப்பித்தான்ல இருந்து கூலி வரைக்கும் அத்தன பேரும் அழுதுட்டிருந்தோம்" என்றான். சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது. அவன் சோற்றைப் பிசைந்து ஊட்டினான், அவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ நாளாக நாங்கள் தலைகீழாக நின்றும் நடக்காத காரியம். அந்த வார்டில் அவளுக்குத் தேவையான மருந்து எது என்று தெரிந்துபோயிற்று. மருந்து ஆறு மணிக்குத்தான் வரும், எங்கள் கேட் ஐந்து மணிக்கே மூடிவிடும்.

மேட்ரனிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் வேறு இடத்தில் கேட்டேன். மற்றப் பெண்களிடம் கேட்டேன். ஆறு மணி என்றால் பெண்கள் உடம்பு துடைத்து, உடை மாற்றி, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம். அந்த இடத்துக்குள் ஓர் ஆணைக் கொண்டுவர நான் யார்? இடம் அவர்களுடையது.

சிங்களத் தாய் ஒருத்தி, "அனே பவ்! எண்ட தென்ட மிஸ்ஸி" என்றாள். பாவம், வரவிடுங்கள் என்று அர்த்தம். எல்லோரும் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தியாகச் சரி சொல்லிக்கொண்டு வந்தார்கள். பேச்சிக்கு அடுத்த கட்டிலில் இருந்த கதீஜா உம்மா மாத்திரம் தலையாட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளியின் மனைவி, ஐந்தாவது பிரசவம்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. நாப்பது நாள் முடியாம அந்நிய ஆம்புளட கண்ணுல நான் பட ஏலா. டொக்டர்ட விசயம் வேற, அதுக்கு வழியில்ல. நாலு மணிக்கு ஆக்கள் வந்தா போர்வயப் போத்திக்கிட்டுப் படுத்துக்குவேன், உடம்பு தொடைக்கிற நேரத்துல அதுவும் ஏலா. அந்தப் புள்ளைக்குப் புருசன் வேணும், எனக்கு என்ட மானம் வேணும்" என்றா.

மற்ற எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், ஒருத்திக்காகப் பார்க்க முடியுமா என்று அவவை மடக்க எனக்கு வாய் இருந்தது. இளமையில் எனக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவ கேட்டதிலும் ஒரு பிழையும் இல்லை. ஒருத்தியை அணைப்பதற்காக இன்னொருத்தியைத் தள்ளிவிடுவது எந்த ஊர் நியாயம்? "ஓம் உம்மா, விளங்குது. நீங்கள் சொல்லாமல் ஒண்டும் செய்ய மாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிள்ளைகளே, பொறுப்பில் இருக்கும்போது மிகக் கஷ்டமான வேலை இதுதான், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது.

மறுநாள் காலையில் கதீஜா உம்மாவே என்னைக் கை தட்டிக் கூப்பிட்டா.

"ராவெல்லாம் அந்தப் புள்ள விசும்புறா. கேட்டுக்கிட்டு நான் எப்பிடித் தூங்க? செல்றேன் கேளுங்க. எங்கட ஊட்டுக்கு ஆம்புளயள் வந்தா, வாசல்லயே நிண்டு செருமுவாங்க. நாங்க முக்காட்டப் போட்டுக்கிட்டு உள்ளுக்குப் போவோம். நாங்க 'வாங்க' எண்டு சென்னாத்தான் காலடி வெப்பாங்க. இவரும் அப்பிடி வரட்டும். நடுவுல ஒரு திரை போடுங்க. அவ்வளவுதான்."

"திரைக்கு எங்க போறது உம்மா? இங்க ஒழுங்கான துணி ஒண்டும் இல்லையே."

"புடவக்கடக்காரன்ட பொஞ்சாதிக்கிட்ட வந்து இதையா கேக்குறீங்க?"

அன்று பின்னேரமே கடையிலிருந்து துணி வந்தது. வெள்ளை வெளேரென்ற எங்கள் வார்டின் நடுவில், தட்டு அகலத்துக்குச் சிவப்பு ரோசாப் பூக்கள் போட்ட ஒரு திரை தொங்கியது. விற்காமல் கிடந்த துணி என்று பிற்பாடு கதீஜா உம்மாவே ஒப்புக்கொண்டா.

காவலாளியைச் சரிக்கட்டிவிட்டு, சுடலைமுத்துவைக் கேட்டில் சந்தித்து ஒப்பந்தத்தைச் சொன்னேன். கை கால் கழுவி, மாற்றுச் சாரம் கட்டி, விறாந்தைப் படியில் நின்று செரும வேண்டும். "வாங்க" என்ற சத்தம் வந்தால்தான் உள்ளே வரலாம், திரைக்கு இந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

"செருமணும், அவ்வளவுதானங்கம்மா? ஜமாய்ச்சிருவோம்" என்றான்.

ஜமாய்த்துத்தான் விட்டான். மற்றவர்கள் செருமினால் தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் வரும். இவன் மூட்டை தூக்குகிறவன். எதையும் முழுப் பலத்தோடுதான் செய்வான். முதல் நாள் கொச்சிக்கடைக் கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்ததும் படியில் ஓர் இருமல் வெடித்தது. வார்டில் தூங்கிய குழந்தைகள் அத்தனையும் ஒருமிக்க எழுந்து அழத் தொடங்கின. திரைக்குப் பின்னால் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல் போட்ட உடம்பு, பாவங்கள். "சிரிக்க வெக்காதீங்க அல்லாவே!" என்று கத்திவிட்டு, அந்தச் சிரிப்போடேயே கதீஜா உம்மா "வாங்க!" என்றா.

அதன் பிறகு எங்கள் வார்டின் பொழுதே மாறிப்போனது. தினமும் சுடலைமுத்து வருவான், அன்றைய கப்பலின் கதையைச் சொல்வான். சீனி வந்தது, சீமெந்து வந்தது, ஒரு நாள் யாரோ துரைக்குப் பியானோ வந்து அதைத் தூக்கும்போது அதுவாகவே பாடியது. பேச்சி அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டே சோறு முழுவதையும் சாப்பிட்டுவிடுவாள். திரைக்கு மறுபக்கம் ஊசி விழுந்தாலும் கேட்கும். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். "பிங்கான் கோப்ப ஏதும் வந்திச்சா எண்டு கேளுங்க மிஸ்ஸி" என்று கதீஜா உம்மா என்னைத் தூது விடுவா. பிறகு அவன் குழந்தையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அங்குமிங்கும் நடப்பான். அந்தக் காலத்தில் தகப்பன் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது காணாத காட்சி. திரையின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கி அதைப் பார்த்துவிட்டு, "எங்கட மனிசனுக்குப் புள்ளயக் குடுத்தா, நனைஞ்ச துணிய நீட்டின மாதிரித் தள்ளி நிப்பாரு" என்று பெருமூச்சு விட்டா உம்மா. அடுத்த நாள் நாலு மணிக்கு வந்த புடவைக்கடை முதலாளியின் கையில் பிள்ளை வைக்கப்பட்டது. மனிதர் வியர்த்துக் கொட்ட நின்றார். கீழே போடவில்லை.

பேச்சிக்குப் பால் சுரந்தது, முகத்தில் இரத்தம் ஏறியது. ஆனால் காலை மாத்திரம் நிலத்தில் வைக்க மாட்டேன் என்றாள். நடக்க வை, நடக்க வை என்று பெரிய டொக்டர் தினமும் சொல்வார். அவர் எங்கள் ஆள்தான், வெள்ளவத்தையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஆனால் வார்டுக்குள் வந்துவிட்டால் தமிழ் மறந்துவிடும், ஆங்கிலம்தான். ரப்பர் அடி வைத்த சப்பாத்து. பூனைபோல வந்து கட்டிலடியில் நிற்பார். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் திடுக்கிட்டுச் சேலையை இழுப்பார்கள். அதை ஒரு விஷயமாக யாரும் நினைத்ததில்லை, நான் உட்பட.

ஆறு மணிக்கு மேட்ரன் மேல்மாடியில் தேநீரோடு இருப்பா என்பதுதான் என் தைரியம். மேல்மாடிக்கும் காது உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், கீழே பிரசவ வார்டின் பக்கம், நெஞ்சைக் கிழிப்பதுபோல ஓர் ஆணின் இருமல். அந்த மனுஷி எத்தனையோ வருஷ அனுபவக்காரி. அந்த இருமலைக் கேட்டு அவ என்ன நினைப்பா? காசம்! பச்சைப் பிள்ளைகள் இருக்கும் வார்டின் வாசலில் ஒரு காசநோய்க்காரன்!

ஒரு மாலை, கோயில் மணி ஓய்ந்தது. படியில் வழக்கமான வெடி வெடித்தது. "வாங்க!" என்று பெண்கள் சொல்வதற்குள், "அசையாதே!" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். நான் ஓடிப் போனேன். மேட்ரன் மாடிப்படியில் நின்றா. பின்னால் பெரிய டொக்டர், கழுத்தில் குழாயோடு. நடுவில் சுடலைமுத்து, கையில் பொட்டலத்தோடு, மரம்போல நின்றான்.

டொக்டர் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் குழாயை வைத்தார். "இருமு" என்றார் ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னேன். அவனுக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். இருமினான். டொக்டர் குழாயைக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினார். முதுகிலும் வைத்துப் பார்த்தார். கடைசியில் மேட்ரனிடம், "இந்த நெஞ்சை வைத்து ஒரு கப்பலே ஓட்டலாம். ஒரு நோயும் இல்லை" என்றார்.

"அப்படியென்றால் இவன் ஏன் இருமுகிறான்? இங்கே இவனுக்கு என்ன வேலை?" மேட்ரன் கண் என் பக்கம் திரும்பியது.

சாப்பாடு கொடுக்க வந்தவன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் என் தொப்பி தப்பும், ஆனால் நாளை முதல் கேட் மூடிவிடும். பேச்சியின் முகம் மறுபடி சுவர்ப் பக்கம் போகும்.

"நான்தான் வரச் சொன்னேன், மேட்ரன். இவன் மனைவி இவன் வந்தால்தான் சாப்பிடுகிறாள். வார்டில் இருக்கும் எல்லாப் பெண்களிடமும் கேட்டுத்தான் விட்டேன்."

"நோயாளிகளிடம் கேட்டாயா?" மேட்ரனின் புருவம் தொப்பி வரை ஏறியது. "நீ நடத்துவது வார்டா, ரயில்வே ஸ்டேஷனா?"

அவ்வளவுதான், நாளைக்கு வெள்ளவத்தையிலேயே இருக்க வேண்டியதுதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அப்போது ரோசாப்பூத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்நிய ஆணோடு "வாங்க" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வாழ்நாளில் பேசாத கதீஜா உம்மாவின் குரல்.

"டொக்டர்! அவருக்கு ஒரு நோவும் இல்ல. அது மரியாத. பொம்புளயள் ஈக்கிற எடத்துக்கு வாரதுக்கு முந்தி, வரலாமா எண்டு கேக்குறாரு. இந்த வாட்டுக்கு அப்பிடிக் கேட்டுக்கிட்டு வார ஒரே ஆம்புள அவருதான்."

டொக்டரின் முகம் எப்படிப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய மனிதர். மேட்ரன், "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டா. டொக்டர் வாய் திறக்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல்.

அப்போது வார்டு வாசலில் ஏதோ அசைந்தது. பேச்சி வெளியே வந்தாள். குழந்தை மார்பில். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, தன்னந்தனியாக நடந்து வந்தாள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அவுகள ஒண்ணும் செய்யாதீக. நான் எல்லாஞ் சாப்பிட்டுட்டேன்" என்றாள். சுடலைமுத்து பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான்.

மேட்ரன் அவளைப் பார்த்தா. "சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளே, அவளா?" என்றா.

"அவளேதான், மேட்ரன்."

மேட்ரன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனிதன் வரட்டும். துறைமுகத்தில் வேலை செய்யும் மற்றவர்களும் வரட்டும். ஆனால் அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல். எனக்குத் தேநீர் குடிக்க வேண்டும்" என்றா. இரண்டு படி ஏறி, திரும்பி, "அந்தத் திரை பார்க்கச் சகிக்கவில்லை" என்று இன்னொன்றும் சொன்னா. திரையைக் கழற்றச் சொல்லவில்லை. அடுத்த சபைக் கூட்டத்தில் தற்காலிகம் என்ற சொல்லைத்தான் கழற்றிவிட்டா. அண்ணி அன்றைக்கு எனக்கு முதலில் தேத்தண்ணி தந்தா, கிணற்றடி பிறகு.

அதெல்லாம் பிற்பாடு நடந்தது. எனக்கு மறக்காதது அந்த மறுநாள் காலைதான். டொக்டர் பார்வையிட வரும் நேரம். நான் கட்டில்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் சிலர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்துச் சத்தம் வழக்கம்போல ஒன்றும் இல்லை. திடீரென்று விறாந்தைப் படியில் ஒரு சின்னச் செருமல் கேட்டது. மிகவும் படித்த, கூச்சப்பட்ட செருமல்.

வார்டில் சேலைகள் சரசரத்தன, முக்காடுகள் ஏறின. ஒருவரும் அவசரப்படவில்லை. எல்லோரும் கதீஜா உம்மாவைப் பார்த்தோம். அவ தலைத்துணியை நிதானமாக இழுத்துவிட்டு, பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றி, தொண்டையைச் சரிசெய்துகொண்டா.

"வாங்க டொக்டர். இப்ப வரலாம்."

பெரிய டொக்டர் கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.